மேடில்லாத ஊரில் எதிர்காற்று: ராமநாதபுரம் கரையோரம் தனியாக சைக்கிளில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கொடைக்கானல், கொல்லிமலை என்று ஏற்றம் மிதித்துப் பழகியவர்கள் ராமநாதபுரம் பக்கம் வரும்போது, மேப்பைப் பார்த்து "எல்லாம் சமதரைதானே, ஒரே நாளில் 150 கிலோமீட்டர் போட்டுவிடலாம்" என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கேதான் முதல் தவறு. பாம்பன் பாலத்தின் முதுகை விட்டால் இங்கே மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, உண்மை. ஆனால் காற்று இருக்கிறது. மலையில் ஏறியவனுக்கு இறக்கமாவது மிச்சம். எதிர்காற்றில் அதுவும் இல்லை. மிதிப்பதை விட்டால் சைக்கிள் நின்றுவிடும்.

காற்றின் தடை, முகத்தில் வந்து மோதும் காற்றின் வேகத்தின் இருமடியில் கூடும். காற்றே இல்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போகிறவர், 20 கி.மீ. எதிர்காற்றிலும் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால் தடை 4 மடங்கு. அதனால் இங்கே தூரத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், நேரத்தை வைத்துப் போடுங்கள்.

அடுத்தது, காற்று எந்தப் பக்கம் என்று கேட்காமல் கிளம்புவது. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிப்பது மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்காற்று. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கி.மீ.; சாலை பெரும்பாலும் கிழக்கே போகிறது. முதுகில் காற்று தள்ள, உச்சிப்புளியும் மண்டபமும் தாண்டுவதே தெரியாது. காலில் திடீரென்று பலம் வந்துவிட்டதாகத் தோன்றும். அதே தெம்பில் தனுஷ்கோடி வரை போய், நடுமதியத்தில் சைக்கிளைத் திருப்பும்போதுதான் விஷயம் புரியும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து வரும் சாலையில் இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க மரம் கிடையாது. பொதுவாக விடியலில் காற்று தணிந்திருக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். எனவே எதிர்காற்றுப் பாதியைக் காலையில் வையுங்கள். ஆடியில் என்றால் ராமேஸ்வரத்தில் இரவு தங்கிவிட்டு, இருட்டு பிரியும்போது மேற்கே கிளம்புவது உத்தமம். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் வேண்டாம்: அறையும் கிடைக்காது, வேன்களுக்கு நடுவே சைக்கிளுக்கு வழியும் கிடைக்காது. ஐப்பசிக்கு மேல் வாடை வந்துவிடும், அப்போது கணக்கு மாறும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் ரயில் பாலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டே மிதிப்பவர்கள் உண்டு. நின்று பார்த்தாலே போதும். கச்சான் காலத்தில் கிழக்கே போனால் காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். நீங்களும் உங்களை அறியாமல் வலப்பக்கம் சாய்ந்தபடி ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு பேருந்து முந்தும்போது அந்தக் காற்று சட்டென்று மறையும். சாய்ந்த உடம்பு பேருந்துப் பக்கமே போகும். அது கடந்ததும் காற்று மறுபடி அறையும். பின்னால் ஹாரன் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் தளர்வாக, ஆனால் விடாமல் பிடியுங்கள்.

இனி முள். இந்த ஜில்லாவில் நிழல் என்று தெரிவதில் பாதி சீமைக்கருவேலம். அதன் கீழே சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது டயர் தரையோடு இருக்கும். கரிமூட்டத்துக்கு விறகேற்றிப் போகும் வண்டிகளிலிருந்து விழும் சுள்ளிகள் வேறு சாலையோரத்தில் கிடக்கும். நிழல் வேண்டுமென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் பனையடிக்குப் போங்கள்.

பஞ்சர் ஆனபின் நடக்கிற தவறு இன்னும் பெரியது: ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு, டயரைப் பார்க்காமல் மாட்டுவது. முள் ஒடிந்து அதன் நுனி டயருக்குள் நின்றிருக்கும், வெளியிலிருந்து தெரியாது. பழைய துணி ஒன்றை டயரின் உட்பக்கம் ஒரு சுற்று மெதுவாக இழுங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலால் தேடாதீர்கள், அதுவும் குத்தும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் இங்கே சிரமம், காற்று இரைச்சலில் 'உஸ்' சத்தம் கேட்காது. ஒரு சுவர் மறைவுக்குப் போய், சந்தேகப்பட்ட இடத்தில் எச்சில் தடவினால் குமிழி காட்டிவிடும்.

தண்ணீரை வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒற்றைப் பாட்டிலோடு வருவதும் சரிவராது. பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் கொண்டுவருகிற பெண்களைச் சாலையிலேயே பார்ப்பீர்கள். அந்தத் தண்ணீரைக் கேட்டால் தருவார்கள்தான். ஆனாலும் காசு கொடுத்துக் கடையில் வாங்குவதே நியாயம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. வேர்வையில் உப்பு போகிறது. மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஏதாவது இடையில் உள்ளே போகட்டும். ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே கடைகளும் அடுத்தடுத்து வராது.

தனியாகப் போவதால் இன்னொன்று: தனுஷ்கோடியைக் கடைசியில் வைக்காதீர்கள். பொழுது சாய்ந்தால் உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் செயின். உப்புக்காற்றும் மணலும் பட்ட செயினுக்கு அங்கேயே எண்ணெய் விட்டால் மணல்தான் சேர்ந்து ஒட்டும். அறைக்குப் போய் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவிட்டு, அதன் பிறகு எண்ணெய் விடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு ஏற ஆரம்பித்திருக்கும்.