தோட்டத்து ஊரில் ஆவணப்படம்: பேச்சைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்பூட், தெலுக் இந்தான், கூலிம் பக்கத்துத் தோட்டத்து ஊர்களில் திரையிடல் தோற்பது பெரும்பாலும் படத்தால் அல்ல. படம் ஓடும், கை தட்டுவார்கள், அடுத்த நிமிடம் வெளியே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பும். குடி, சம்பளம், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள், தோட்டம் கைமாறியதும் வீடிழந்த குடும்பங்கள் என்று விஷயம் எதுவானாலும், படத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு அதன்பின் வரும் பேச்சைத் தற்செயலுக்கு விடுவதுதான் மூலத் தவறு.

நேரத்திலிருந்தே அது தொடங்குகிறது. ரப்பர் பால்மரம் சீவுகிறவர்களும் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுக்கிறவர்களும் விடியுமுன் எழ வேண்டியவர்கள். இங்கே இருட்டவே 7.30 மணி ஆகிவிடும். 8 மணிக்கு ஒன்றரை மணி நேரப் படத்தைப் போட்டால் பேச ஆள் இருக்காது. 25 முதல் 40 நிமிடம் ஓடும் படமே போதும். பேச்சுக்குக் குறைந்தது 45 நிமிடம் மிச்சம் வேண்டும். நாளையும் பார்த்து வையுங்கள். கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறன்று பள்ளி உண்டு. ஜொகூர் மாநிலம் 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. தோட்டத்தின் ஓய்வு நாள் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை, வேலையை மேற்பார்க்கும் மண்டோரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கோயில் திருவிழா வாரத்தில் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அனுமதி விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியம் பார்த்து அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது குற்றம். கோயில் மண்டபம், இலவசக் காட்சி என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. 2013இல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளர் மீது இந்தச் சட்டத்தில்தான் வழக்குப் பாய்ந்தது. 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். எனவே ஏற்கெனவே அனுமதி பெற்ற படமா என்று இயக்குநரிடம் முதலில் கேளுங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்பதால் மண்டபத்தில் போடும் உரிமையும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். இயக்குநரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

கருவிகளில் எல்லாரும் ஒளிக்குக் கவலைப்படுகிறார்கள், ஒலிக்குப் படுவதில்லை. 60 பேர் கூடும் பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபத்துக்கு 3,000 லூமன் புரொஜெக்டரும் 3 மீட்டர் அகலத் திரையும் சரியாக வரும். மலிவான சின்னப் புரொஜெக்டர்களின் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணை நம்பாதீர்கள், தரமுறைப்படி அளந்த ஒளி அளவான ஆன்சி (ANSI) லூமன் எவ்வளவு என்று பாருங்கள். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டராவது உயரட்டும், இல்லாவிட்டால் முன்வரிசைத் தலைகள் கீழே வரும் எழுத்துகளை மறைத்துவிடும். ஆனால் தகரக் கூரையில் மழை விழுந்தால் புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றுக்கும் ஆகாது. ஸ்டாண்டில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும் நிறுத்துங்கள். விசிறியையும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். படத்தை நேரடியாக இணையத்திலிருந்து ஓட்டாமல் கோப்பாக வைத்திருங்கள். பென்டிரைவ் ஃபேட் 32 (FAT32) கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. இது பெரும்பாலும் படம் போடுகிற அன்று மாலையில்தான் தெரியவரும்.

மொழியும் ஆளைப் பிரிக்கும். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்க வராது, பாட்டிகளுக்கு மலாய் எழுத்து ஓடாது. தமிழில் பேசும் படம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முக்கியமான இரண்டு மூன்று இடங்களில் படத்தை நிறுத்தி, ஒருவர் மைக்கில் சுருக்கம் சொல்லட்டும். கலை நயம் கெடுமே என்று தயங்க வேண்டாம், இது திரைப்பட விழா இல்லை.

அடுத்தது நம் ஊர்களுக்கே உரிய நோய்: மாலை, பொன்னாடை, தலைவர் உரை, ஒய்பி எனப்படும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் உரை. படத்துக்கு முன் 40 நிமிட உரை நடந்தால், பேச வேண்டியவர்கள் பெரிய மனிதர்கள்தான் என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். ஒய்பி வந்தால் வரவேற்று மக்களோடு நாற்காலியில் உட்காரவையுங்கள், முடிவில் இரண்டு நிமிடம் பேசட்டும்.

படம் முடிந்ததும் எல்லா விளக்கையும் பட்டென்று போட்டு, “படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார்கள். “நல்லா இருந்துச்சு” என்று பதில் வரும், அத்தோடு சரி. பின்பக்க விளக்கை மட்டும் போடுங்கள். தேநீரையும் வடையையும் வாசலில் வைத்தால் கூட்டம் அங்கேயே கரைந்துவிடும், இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நாற்காலிகளைத் திருப்பி ஆறு முதல் எட்டுப் பேராக உட்காரவையுங்கள். பெண்களுக்குத் தனிக் குழு வேண்டுமென்றால் அதற்கும் இடம் விடுங்கள். மாமியார் எதிரில் மருமகள் பேசமாட்டாள், மண்டோர் எதிரில் தொழிலாளி பேசமாட்டார். கேள்விகள் காட்சியைத் தொட்டு வரட்டும்: “அந்த அம்மா ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு ஏன் திரும்பினாங்க?” “நம்ம ஊர்ல இது நடந்தா முதல்ல யார் வீட்டுக்குப் போவீங்க?” மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். யாரும் பேசாவிட்டால் பத்து விநாடி பொறுங்கள். அந்த இடைவெளியை நடத்துநரே பேசி நிரப்பிவிடுவதுதான் வழக்கம்.

சின்ன ஊரில் படத்தில் வரும் சிக்கல் உள்ள குடும்பம் மூன்றாவது வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும். குடியைப் பற்றிய படம் முடிந்ததும், “இங்கே யாராவது அனுபவம் சொல்ல முடியுமா?” என்று கேட்பது அந்தக் குடும்பத்தைச் சந்தியில் நிறுத்துவதாகும். படத்தில் வருகிறவரைப் பற்றி மட்டும் கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்ல நினைப்பவர் தானாகச் சொல்வார். பேச்சு நடக்கும்போது போட்டோ, வீடியோ கூடாது, மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு முன்பே வாட்சப்பில் ஊர் சுற்றிவிடும்.

கண்ணீரை வரவைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதும் தவறுதான். வீட்டு வன்முறைக்கு 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறமும் ஒன்று இருக்கட்டும், அங்கேதான் மற்றவர் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். அடையாள அட்டைச் சிக்கல் என்றால் தேசியப் பதிவிலாகாவில் பாரம் நிரப்பிப் பழகிய ஒருவரை ஓரமாக மேசை போட்டு உட்காரவையுங்கள். வருகைப் பதிவில் பெயரும் கைபேசி எண்ணும் போதும். அடையாள அட்டை எண் கேட்டால், அட்டை இல்லாதவர்தான் முதலில் எழுந்து போவார்.