தென்னாப்பிரிக்கப் பயணம்: ஊசியிலும் மாத்திரையிலும் நடக்கும் பிழைகள்

தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. அதனால் ஊசி தேவையில்லை என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது போகிற நாட்டை அல்ல, விமானம் நின்று போகும் ஊரை. துபாய், தோஹா வழியாகப் போனால் கவலையில்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் கதை வேறு. எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருபவரிடம் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும்.

திரும்பி வரும்போது நம் ஊர்க் கெடுபிடி இன்னும் அதிகம். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இந்தியாவில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, நோய் மட்டும்தான் இன்னும் வரவில்லை. அதனால் அந்த நாடுகள் வழியாகச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியேறாதவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைச் சுகாதார அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். முந்தைய வாரம் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு, 8-ஆம் நாள் விமானம் ஏறினால் ஊசி போட்டும் பயனில்லை. தெரு முனை கிளினிக்கில் இது கிடைக்காது. கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும், அங்கும் நாள் குறித்துக்கொண்டு. சான்றிதழான மஞ்சள் அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, மருந்தின் தொகுதி எண்ணும் முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 2016 ஜூலைக்குப் பிறகு இது ஆயுள் முழுவதும் செல்லும், பழைய மஞ்சள் அட்டையில் 10 ஆண்டு என்று எழுதியிருந்தாலும்.

இது உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் போடக் கூடாது. 60 வயதைக் கடந்தவருக்கு அரிதாகக் கடும் பக்கவிளைவு வரலாம். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது வளைகுடா வழியைத் தேர்ந்தெடுப்பதே மேல். இன்னொன்று: தட்டம்மை ஊசியும் (எம்.எம்.ஆர்.) வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள், இல்லையென்றால் 28 நாள் இடைவெளி விடுங்கள். மஞ்சள் காமாலைக்குப் போட்ட ஊசியை இதுவென்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது ஹெபடைடிஸ் பி, வேறு நோய்.

அடுத்தது மலேரியா. ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் அது இல்லை. க்ரூகர் வனவிலங்குப் பூங்காவிலும், லிம்போபோ, முமலாங்கா மாகாணங்களின் தாழ்நிலங்களிலும், குவாசுலு-நடாலின் வடகோடியிலும் உண்டு, குறிப்பாகச் செப்டம்பர் முதல் மே வரை. ‘கொசுக்கடியிலேயே வளர்ந்தவர்கள் நாம்’ என்ற தைரியம் உதவாது. அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, உயிரையே பறிக்கக்கூடியது. குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்துக்கு அது அசையாது.

மலேரியா வராமல் தடுக்க மருத்துவர் எழுதித் தரும் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை நம் கடைகளில் எளிதில் கிடைக்கும். தினம் ஒன்று. க்ரூகரில் 3 நாள், பிறகு கேப் டவுன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி: போவதற்கு முன் 2, அங்கே 3, க்ரூகரை விட்ட பின் 28, ஆக 33. பத்து மாத்திரை அட்டை ஒன்று வாங்கிப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியை இது சரியாகக் கொல்லாது. வெளியே வந்து இரத்தத்தில் கலக்கும்போதுதான் பிடிக்கும். அதனால்தான் அந்த 4 வாரம். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்ற இன்னொரு மாத்திரை கல்லீரலிலேயே வேலையை முடித்துவிடுவதால், க்ரூகரை விட்ட பின் 7 நாள் போதும்.

டாக்ஸிசைக்ளினை ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதும் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்க வேண்டும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. வெயிலில் தோல் கருகும், சன்ஸ்கிரீன் அவசியம். சன்ஸ்கிரீன் முதலில், கொசு விரட்டும் களிம்பு அதன் மேல். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்த மாத்திரை வழக்கமாகத் தருவதில்லை.

கிழக்குப் பகுதி ஆறு, ஏரிகளில் இறங்காதீர்கள். நத்தைக் காய்ச்சல் புழு தோல் வழியே நுழையும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கேப் கடற்கரையில் சீல்களுக்கும் வெறிநோய் இருப்பது 2024-இல் உறுதியானது, பக்கத்தில் நின்று படம் எடுக்கப் போக வேண்டாம்.

ஊர் திரும்பிய பிறகு, 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மலேரியா சோதனைக்கு இரத்தம் கொடுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் சரி. ‘ஆப்பிரிக்கா போய் வந்தேன்’ என்று நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவர் டெங்குவைத்தான் தேடுவார். முதல் சோதனையில் கிருமி தெரியவில்லை என்றாலும் 12 முதல் 24 மணி நேரம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் எங்காவது கருகிய பொட்டு மாதிரி ஒரு புண் இருந்தால் அதையும் காட்டுங்கள், உண்ணி கடித்த இடமாக இருக்கலாம்.