பிக்கப் டிரக்கில் ஸ்டார்ட்டர் மோட்டாரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜின் சுற்றவே இல்லை. உடனே புது ஸ்டார்ட்டர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுங்கள்.

நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டரின் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய ஒயரில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். சாவி திரும்பியிருக்கும் அதே நேரத்தில் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய டெர்மினலுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு கேபிளில் அல்லது அதன் இணைப்பில். இதெல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் பெரிய கேபிளுக்கு நடுவில் ஃபியூஸ் இல்லாத வண்டிகள்தான் அதிகம். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைத்த பிறகே அடியில் போங்கள். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவே கூடாது. சைலன்சர் குழாய் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் இரண்டு அல்லது மூன்று போல்ட்டில் ஸ்டார்ட்டர் நிற்கும். கீழ் போல்ட் சுலபம். மேல் போல்ட்தான் பொழுதைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாது, கையும் எட்டாது. முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். பிறகு நீளமான எக்ஸ்டென்ஷனைக் கியர் பாக்ஸின் மேல்பக்கமாகப் பின்னாலிருந்து விடுங்கள். ராட்செட் கை வீசும் அளவு வெளியே வரட்டும். முனையில் யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது எந்தப் பக்கமும் வளையும் மூட்டு. அது தொங்கி ஆடாமலிருக்க இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. சாக்கெட் ஆறு முனை உள்ளதாகவே இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை வழித்துவிடும், நான் அதைத் தொடுவதே இல்லை.

மேல் போல்ட்டை முதலில் எடுத்துவிட்டு, கடைசி போல்ட் கழலும்போது ஸ்டார்ட்டரை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கனம் இருக்கும், ஒயரில் தொங்க விடாதீர்கள். சில வண்டிகளில் இறக்கிய பிறகுதான் ஒயர்களைக் கழற்ற முடியும்.

இப்போது அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் கியர் பற்களைப் பாருங்கள். இன்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் கடித்துப் பிடிக்கும் பெரிய பல் வளையம் அதுதான். இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி முழு வட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். பல் உடைந்திருந்தால் புது ஸ்டார்ட்டரின் பினியனையும் (அதன் முனையில் உள்ள சின்னப் பல் சக்கரம்) அது கடித்துவிடும்.

ஸ்டார்ட்டர் உட்காரும் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் அதுதான் எர்த். போல்ட்டுகளைக் கையால் மரையேற்றிய பிறகே ராட்செட்டால் இறுக்குங்கள். பெரிய கேபிளின் நட்டை இறுக்கும்போது உள்ளே இருக்கும் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் டெர்மினல் மொத்தமாகத் திரும்பி, சொலினாய்டின் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். நெகட்டிவ் கேபிளைக் கடைசியில் மாட்டுங்கள்.

பின்சேர்க்கை: புதுசு போட்ட பிறகு 'வீய்ய்' என்று சத்தம் வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பழைய ஸ்டார்ட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே மெல்லிய தகடு, அதாவது ஷிம், இருந்ததா என்று பாருங்கள். ஷிம் வைக்கும் வண்டிகளில், ஸ்டார்ட் ஆகும் முன், ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போதே சத்தம் வந்தால் பினியனுக்கும் ரிங் கியருக்கும் இடைவெளி அதிகம், ஷிம்மைக் குறையுங்கள். ஸ்டார்ட் ஆகி சாவியை விடும்போது வந்தால் இடைவெளி போதவில்லை, ஒரு ஷிம் சேருங்கள்.