இலவசமாகக் கிடைக்கும் உதவிக்குக் காசு கொடுக்காதீர்கள்: அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் கிளெய்மில் செய்யும் தவறுகள்

அமெரிக்கப் படையில் இருந்தபோது வந்த காயத்துக்கும் நோய்க்கும் முன்னாள் படைவீரர் நலத்துறை மாதாமாதம் இழப்பீடு தருகிறது. துறையை எல்லோரும் வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை, மனுப் போடக் கட்டணமும் இல்லை. மனுவைத் தயார் செய்துகொடுக்கும் ஆட்களும் இலவசம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. நம் ஆட்களுக்கும் இது பயன்படலாம். 2009இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில், மொழித் திறனுக்காக கிரீன் கார்டு இல்லாதவர்களையும் படையில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.

முதல் தவறும் பெரிய தவறும், விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு கம்பெனியில் கையெழுத்துப் போடுவது. கிளெய்ம் தயாரிக்க உதவுவதைத் தொழிலாகச் செய்ய வி.ஏ. அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரம் மூன்று வகையினருக்குத்தான்: படைவீரர் சேவை அமைப்புகளின் பிரதிநிதிகள், வழக்கறிஞர்கள், கிளெய்ம் ஏஜென்ட்கள். கிளெய்மில் வி.ஏ.வின் முதல் தீர்ப்பு வருவதற்கு முன்பு இவர்களில் யாருமே கட்டணம் வாங்கக்கூடாது. அதற்குப் பிறகு வழக்கறிஞர் வாங்கினால், முன்தேதியிலிருந்து கணக்கிட்டு மொத்தமாக வரும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று விதி எடுத்துக்கொள்கிறது.

அங்கீகாரம் இல்லாத கம்பெனிகள் இதைச் சாமர்த்தியமாகச் சுற்றிப் போகின்றன. 'நாங்கள் மனுப் போடவில்லை, ஆலோசனைதான் சொல்கிறோம்' என்பார்கள். ஒப்பந்தத்தில், கூடும் மாதத் தொகையைப் போல ஐந்து மடங்கு தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். மாதம் 800 டாலர் கூடினால் கட்டணம் 4,000 டாலர். வி.ஏ. கணக்கின் பாஸ்வேர்டையும் சிலர் கேட்பார்கள். கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

தட்டிக்கேட்க ஆளில்லையா? விதி இருக்கிறது, ஆனால் அதை மீறினால் இருந்த குற்றவியல் தண்டனையை 2006இல் எடுத்துவிட்டார்கள். பல் பிடுங்கிய பாம்பாகிவிட்டது. தண்டனையைத் திரும்பக் கொண்டுவர 'கார்ட் வி.ஏ. பெனிஃபிட்ஸ்' என்ற மசோதா ஒன்று உண்டு. 2025இல் பிரதிநிதிகள் சபைக்கு வந்த 'வெட்டரன்ஸ் கிளெய்ம்ஸ் எஜுகேஷன்' மசோதா வேறு வழியில் போகிறது: பிரதிநிதி இல்லாமல் ஒருவர் மனுப் போட்டால், அங்கீகாரம் பெற்றவர்களின் உதவி உண்டு என்று வி.ஏ.வே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் மனுப் போடும் நேரத்தில் சொல்வது கொஞ்சம் தாமதம் என்றே எனக்குப் படுகிறது. கம்பெனிக்காரர் அதற்கு முன்பே வந்துவிடுகிறார்.

ஆகவே நீங்களே தேடிப் போங்கள். அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற படைவீரர் சேவை அமைப்புகளில் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். நம் மாவட்டம் போன்ற கவுண்டிகள் பலவற்றில் இதற்கென்றே அரசு அலுவலர் உண்டு. பெயரை வி.ஏ.வின் இணையதளத்தில் போட்டால் அங்கீகாரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சேவை அமைப்பை நியமிக்க 21-22 என்ற படிவம் போதும்.

அடுத்தது, எல்லா ஆவணமும் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பது. முதலில் 'இன்டென்ட் டு ஃபைல்', அதாவது மனுப் போடப்போகிறேன் என்ற அறிவிப்பைக் கொடுங்கள். மனுவை முடிக்க ஓராண்டு கிடைக்கும். ஜனவரியில் அதைக் கொடுத்துவிட்டு நவம்பரில் மனுவை முடித்தாலும், கிளெய்ம் ஏற்கப்பட்டால் பெரும்பாலும் ஜனவரித் தேதிதான் கணக்கு. கொடுக்காமல் விட்டால் அந்தப் பத்து மாதப் பணம் போயிற்று.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. வி.ஏ.வுக்காக வெளி நிறுவனம்தான் பல நேரம் அழைக்கும். தெரியாத எண் என்று போனை எடுக்காமல் விட்டு, பரிசோதனைக்கும் போகாவிட்டால், கையிலிருக்கும் காகிதத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். போனவர்கள் செய்யும் தவறு வேறு: முதுகுவலி எப்படி என்று டாக்டர் கேட்டால், 'பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்' என்பது. படையில் பழகிய பதில் அது. வலி அதிகமான நாளில் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொரு பாதிப்புக்கும் வி.ஏ. போடும் ஊனச் சதவீதத்தைக் கூட்டிப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. 50-உம் 30-உம் சேர்ந்தால் 80 ஆகாது. 50 போக மீதி 50-இல் 30 சதவீதம், அதாவது 15. மொத்தம் 65, அதைப் பத்தின் மடங்காக்கி 70 என்று எடுத்துக்கொள்வார்கள்.

கிளெய்மை நிராகரித்துவிட்டார்களா? உடனே புது மனுப் போட ஓடாதீர்கள், கடிதத்தில் காரணத்தைப் படியுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று வழிகள் இருக்கின்றன. புது ஆதாரம் இருந்தால் துணை மனு. இருக்கும் ஆதாரத்தையே தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றால் மேல்நிலை மறுஆய்வு, அதில் புது ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது. மூன்றாவது, மேல்முறையீட்டு வாரியம். ஓராண்டுக்குள் இவற்றில் ஒன்றை எடுத்தால்தான் பழைய தேதி நிற்கும். எந்த வழி என்று முடிவு செய்யவும் அதே சேவை அமைப்புப் பிரதிநிதியிடம் போகலாம், அதற்கும் காசு இல்லை.