ஓங்காரத்தின் அதிர்வை உள்ளங்கையில் உணர்வது எப்படி?

ஓங்காரம் சொன்னால் உடம்பெல்லாம் அதிரும் என்று எங்கள் தோட்டத்துக் கோயிலின் மார்கழி பஜனையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு, நானும் பல வாரங்கள் உரத்த குரலில் சொல்லிப் பார்த்தேன்; தொண்டை எரிச்சல்தான் மிஞ்சியது. பின்னர் வழி பிடிபட்டது.

முதலில், இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்து விடியற்குளிரில் எழுந்தவுடன் குரலை வருத்தாமல், வெந்நீர் குடித்துவிட்டு நிமிர்ந்து அமருங்கள். உள்ளங்கையை நெஞ்செலும்பின் மேல் வைத்து, இயன்ற அளவு தாழ்ந்த சுருதியில் ‘அ’ என்று இழுங்கள். ஆண்குரலில் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முறை திறந்து மூடுகின்றன. அந்தத் துடிப்பு மூச்சுக்குழாய் வழியே நெஞ்சுக்கூட்டையும் எட்டுகிறது. கையை அழுத்தினால் அதிர்வு அமுங்கிவிடும். பூவைத் தொடுவதுபோல் வைத்தாலே போதும். அடுத்து, உதட்டைக் குவித்து ‘உ’வுக்கு மாறுங்கள்.

நான் தடுமாறியது ‘ம்’ என்னும் இடத்தில்தான். உதட்டை மூடும்போது என்னை அறியாமல் பற்களையும் கடித்துவிடுவேன்; தாடையும் தொண்டையும் இறுகி, ஒலி நெரிந்துபோகும். உதடுகள் மட்டுமே மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, உள்ளே மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் சுண்டுவிரல் நுழையுமளவு இடைவெளி இருக்க வேண்டும். அப்படிச் செய்த அன்றே உதடுகள் கூசின. மூக்குத்தண்டில் வைத்த விரல் நுனியில் வண்டு முரல்வதுபோல் இருந்தது. மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று பள்ளியில் படித்ததன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயமிருந்தால், முனகிக்கொண்டே மூக்கைப் பொத்துங்கள். ஒலி உடனே நின்றுவிடும். இவ்வாறு முனகும்போது, அமைதியாக மூச்சு விடுவதைவிட மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு ஏறத்தாழ 15 மடங்கு கூடுவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர்.

அதிர்வைக் கண்ணாலும் பார்க்க விரும்புவோருக்குக் கைப்பேசிச் செயலிகளைவிட வெறும் பால்மா டின்னையே பரிந்துரைப்பேன். அதன் வாயில் வெட்டிய பலூனை இழுத்துக் கட்டி, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மூச்சுக்காற்று படாதவாறு பக்கவாட்டிலிருந்து ‘ஓ’ என்று சொல்லியபடியே சுருதியை மெல்ல ஏற்றி இறக்குங்கள். குறிப்பிட்ட ஒரு சுருதி வந்ததும் அதுவரை கிடந்த உப்பு துள்ளத் தொடங்கும்.

பின்சேர்க்கை: நெஞ்சில் எதுவும் தெரியவில்லை என்று சகோதரியர் சிலர் எழுதியிருந்தனர். பெண்குரல் விநாடிக்கு ஏறத்தாழ 200 அதிர்வுகள் கொண்டது. நெஞ்சுக்கூடோ தாழ்ந்த ஒலிக்கே நன்றாக அதிரும். ஆகவே இன்னும் சற்றுத் தாழ்ந்த சுருதியில் சொல்லிப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால், இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு ‘ம்’ என்று முனகுங்கள். எலும்பு வழியே வரும் ஒலி வெளியேற வழியின்றித் தலை முழுவதும் நிறைந்து கேட்கும்.