கூட்டத்தைக் கலைக்கும்போது காவல்துறை தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் ஊர்வலமாகப் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தப்பி ஓடியவர்களையும் சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. ஓடுகிறவர் ஏற்கெனவே கலைந்து போகிறவர். அவர்மேல் குண்டு பாய்ந்தால் அதைக் கூட்டத்தைக் கலைத்தது என்று சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148. முதலில் கலைந்து போகும்படி ஆணையிட வேண்டும். கலையாவிட்டால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. ஆணையிட்டதாக ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். கூட்டத்தின் காதில் அது விழுந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. பத்தாயிரம் பேர் முழக்கமிடும் சாலையில் ஒரு கைமைக்கில் ஒருமுறை சொன்னால் முன்வரிசைக்கே கேட்காது. பல இடங்களிலிருந்து, மக்கள் பேசும் மொழியில், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அப்புறம் நகர நேரம் கொடுக்க வேண்டும். பின்னால் நிற்பவர் நகராமல் முன்னால் நிற்பவர் நகர முடியாது.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய தவறு போக வழி விடாமல் விரட்டுவது. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள்மேல் தடியடி நடந்தது. பக்கத்திலேயே தாமிரபரணி. அடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்துப்போனார்கள். அங்கே லத்தியைவிட இடம்தான் ஆபத்தாக இருந்தது. கலைக்க உத்தரவு போடும் அதிகாரி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இவர்கள் எந்தப் பக்கமாக ஓடுவார்கள்? அங்கே என்ன இருக்கிறது?

இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில், 2022 அக்டோபர் 1 அன்று, கஞ்சுருஹான் கால்பந்து அரங்கிலும் இதே கதைதான். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் பார்வையாளர் மாடங்களுக்குள்ளும் வீசியது. உட்கார்ந்திருந்தவர்கள் குறுகலான வாசல்களுக்கு முண்டியடித்தார்கள். 135 பேர் இறந்தார்கள். கண்ணீர்ப்புகை திறந்தவெளிக்கானது. நாலு பக்கமும் சுவர் உள்ள இடத்தில் அது கலைக்காது, நசுக்கும்.

எல்லாரையும் ஒரே ஆளாகப் பார்ப்பது இன்னொரு தவறு. கல் எறிகிறவர்கள் பெரும்பாலும் சிலர்தான். அவர்களுக்காக மொத்தக் கூட்டத்தையும் அடித்தால், அதுவரை சும்மா நின்றவரும் கோபத்தோடு அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்வார். ஹெல்மெட்டில் கல் விழுந்த காவலருக்குப் பயமும் ஆத்திரமும் வருவது இயற்கை. காலையிலிருந்து வெயிலில் பந்தோபஸ்து நிற்பவர் அவர். அதனால்தான் முடிவை அவர் கையில் விடாமல், பின்னால் நிதானமாக நிற்கும் ஒரு அதிகாரி எடுக்க வேண்டும்.

லத்தியால் தலையில் அடிக்கக்கூடாது, விழுந்தவரை அடிக்கக்கூடாது. பெல்லட் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்: ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறும், யார்மேல் படும் என்று சுடுகிறவருக்கே தெரியாது. 2016-ல் காஷ்மீரில் பலர் கண் பார்வையை இழந்தது இதனால்தான்.

சரி, துப்பாக்கி எப்போது? 1990-ல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகள் தெளிவாகவே சொல்கின்றன: உயிர் போகும் அல்லது படுகாயம் ஏற்படும் உடனடி ஆபத்து இருந்து, ஆபத்து குறைந்த வழிகள் பலிக்காதபோது மட்டும். கட்டடமோ வண்டியோ எரிவது மட்டும் ஒரு உயிரை எடுக்கக் காரணமாகாது. ஆபத்து நீங்கிய நொடியில் துப்பாக்கி தாழ வேண்டும்.

அடிபட்டவர்களுக்கு உடனே சிகிச்சை, வீட்டாருக்குத் தகவல் என்பதும் அதே கோட்பாடுகளில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வர ஒரு சாலையை முன்கூட்டியே காலியாக வைத்திருக்க வேண்டும். யார் உத்தரவிட்டார், எந்தத் துப்பாக்கியிலிருந்து எத்தனை குண்டு போனது என்பதை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஒரு ஆணையம் வந்து தோண்டும் வரை அது காத்திருக்கக் கூடாது.