உலாவி வாலட்டுடன் ஹார்டுவேர் வாலட்டை இணைத்துப் பயன்படுத்தும் முறை

கிரிப்டோ நாணயங்களைக் கையாள உதவும் மெட்டாமாஸ்க் போன்ற உலாவி வாலட்டைத் தனியாகப் பயன்படுத்தும்போது, உங்கள் ரகசியச் சாவி கணினியிலேயே கடவுச்சொல்லால் மறையாக்கப்பட்டு இருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கையொப்பமிடும் நேரத்தில் அது கணினியின் நினைவகத்தில் திறக்கப்பட்டாக வேண்டும். அந்தக் கணினியில் தீநிரல் ஏதேனும் புகுந்திருந்தால், சாவியைத் திருடுவதற்கு அந்தத் தருணம் போதும். சாவியைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட் மாற்றுவது இந்த ஓர் இடத்தைத்தான். சாவி கருவிக்குள்ளேயே உருவாகிறது, அங்கிருந்து வெளியே வருவதில்லை. உலாவி வாலட் பரிவர்த்தனையைத் தயாரித்துக் கருவிக்கு அனுப்புகிறது. நீங்கள் கருவியின் பொத்தானை அழுத்தியபின் கையொப்பம் மட்டும் திரும்பி வருகிறது. அதைச் சேர்த்து உலாவி வாலட், கிரிப்டோ பரிவர்த்தனைகளைப் பதிவுசெய்யும் வலைப்பின்னலுக்கு அனுப்பிவைக்கிறது.

இந்த ஏற்பாட்டில் உலாவி வாலட்டிடம் இருப்பவை உங்கள் முகவரிகள் மட்டுமே. ஆகவே கணினித் திரை காட்டுவது ஒரு கோரிக்கை. கருவியின் சிறிய திரை காட்டுவதுதான் நீங்கள் உண்மையில் கையொப்பமிடப்போகும் பொருள். இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. கருவி சாவியைக் காக்குமே தவிர, நீங்கள் தவறாகக் கொடுத்த ஒப்புதலைத் தடுக்காது.

இணைப்பதற்கு முன்

கருவியைத் தயாரிப்பாளரிடமிருந்தோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ புதிதாக வாங்குங்கள். பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் (சாவியை மீட்டெடுக்க உதவும் சொல்வரிசை) முன்கூட்டியே அச்சிடப்பட்ட தாள் இருந்தால் அது மோசடி என்பதில் ஐயமே வேண்டாம். சொற்கள் கருவிக்குள் உருவாகி அதன் திரையில்தான் முதன்முறையாகத் தோன்ற வேண்டும். இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் 2020-இல் கசிந்தன. அதையடுத்து 2021-இல் வாடிக்கையாளர் சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகள் வந்தன. பழைய கருவியை மாற்றிக்கொள்ளுமாறு கூறும் கடிதமும் உடன் இருந்தது. கேட்காமல் வந்த கருவியைக் கணினியில் செருகவே வேண்டாம்.

பெரும்பாலான கருவிகள் தரும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள், 2048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றிலிருந்து எடுக்கப்படுபவை. அந்தப் பட்டியலில் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக உள்ள இரு சொற்கள் கிடையாது. ஆகவே கையெழுத்து சற்றுத் தெளிவில்லாமல் போனாலும் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். தாளில் எழுதுங்கள். கைபேசியில் படம் எடுப்பது, மின்னஞ்சலில் வரைவாகச் சேமிப்பது, கடவுச்சொல் மேலாளரில் போட்டுவைப்பது ஆகிய எல்லாமே சொற்களை இணையத்தோடு இணைந்த ஒரு பொருளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அதைத் தவிர்க்கத்தானே கருவியையே வாங்கினோம்.

பணம் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். கருவியில் முதல் முகவரியைக் குறித்துக்கொண்டு, கருவியை முழுமையாக அழித்து, தாளில் எழுதிய சொற்களைக் கருவியிலேயே உள்ளிட்டு மீட்டெடுங்கள். அதே முகவரி வந்தால் நீங்கள் எழுதியது சரி. பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். எழுதும்போது நேர்ந்த பிழை, கருவி பழுதான பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது. கருவியைத் திறக்கும் பின் (PIN) எண்ணைத் திரும்பத் திரும்பத் தவறாக உள்ளிட்டால் கருவி தன்னை அழித்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: லெட்ஜரில் மூன்று முறை, ட்ரெஸர் என்ற மற்றொரு வகைக் கருவியில் 16 முறை. தாள் சரியாக இருந்தால் அது வெறும் தொந்தரவு, இழப்பன்று.

உலாவியைப் பொறுத்தவரை, லெட்ஜரை மெட்டாமாஸ்க்குடன் இணைக்க குரோம், பிரேவ், எட்ஜ் போன்ற குரோமியம் வகை உலாவிகளே ஏற்றவை. இணைப்புக்குத் தேவையான வெப்ஹெச்ஐடி வசதி ஃபயர்பாக்ஸில் இல்லை. இதற்கென்று உலாவியில் தனிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்கி, அதில் வேறு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எதையும் நிறுவாமல் இருப்பது நல்லது. மெட்டாமாஸ்க் நீட்சியைத் தேடுபொறியின் விளம்பர இணைப்பு வழியாக ஒருபோதும் நிறுவாதீர்கள்.

இணைக்கும் முறை

முதலில் மெட்டாமாஸ்க்கை நிறுவிப் புதிய வாலட் ஒன்றை உருவாக்க வேண்டும். அது தனக்கென்று மீட்புச் சொற்களைத் தரும். இவற்றுக்கும் கருவியின் சொற்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் தனித்தனியாக, எது எதற்கு என்று குறித்து வைக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை இங்கேதான் நேர்கிறது. ஏற்கெனவே உள்ள வாலட்டை இறக்குமதி செய்யும் தெரிவைப் பார்த்ததும், அதுதான் கருவியை இணைக்கும் வழி என்று கருதி, கருவியின் சொற்களை உலாவியில் தட்டிவிடுகிறார்கள். எல்லாம் சரியாக வேலை செய்வதுபோலவே தோன்றும். முகவரியும் இருப்பும்கூடச் சரியாகக் காட்டும். ஆனால் அந்த நொடியிலேயே சாவி கணினிக்குள் வந்துவிட்டது, கருவி வெறும் அலங்காரப் பொருளாகிவிட்டது. அப்படிச் செய்திருந்தால் கருவியை அழித்து, புதிய சொற்களை உருவாக்கி, பணத்தைப் புதிய முகவரிக்கு மாற்றுவதே ஒரே தீர்வு. இதற்கு நேர்மாறாக, பழைய மெட்டாமாஸ்க் சொற்களைக் கருவிக்குள் ஏற்றுவதும் பயனற்றது; இணையத்தில் இருந்த சாவி, கருவிக்குள் போனதால் மட்டும் தூய்மையாகிவிடாது.

சரியான வழி இது. கருவியைச் செருகிப் பின் எண்ணை உள்ளிட்டுத் திறந்துகொள்ளுங்கள். லெட்ஜர் என்றால் கருவிக்குள் எத்தீரியம் வலைப்பின்னலுக்கான செயலியைத் திறந்து வைக்க வேண்டும். தயாரிப்பாளரின் கணினிச் செயலி திறந்திருந்தால் மூடிவிடுங்கள், அது இணைப்பைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். மெட்டாமாஸ்க்கின் கணக்குப் பட்டியலில் கணக்கு சேர்க்கும் பகுதிக்குச் சென்று, ஹார்டுவேர் வாலட் என்பதைத் தெரிவுசெய்து, உங்கள் கருவியின் பெயரை அழுத்துங்கள். லெட்ஜருக்கு உலாவியே ஒரு சிறு பெட்டியில் எந்தச் சாதனம் என்று கேட்கும்; ட்ரெஸருக்குத் தனிச் சாளரம் திறந்து முகவரிகளைப் பகிர அனுமதி கேட்கும். கீஸ்டோன் போன்ற கருவிகளில் கம்பியே தேவையில்லை, க்யூஆர் குறியீடுகளைக் கேமராவில் மாறிமாறிக் காட்டினால் போதும். எந்தக் கருவியாக இருந்தாலும் இந்தப் படிகள் எதிலும் மீட்புச் சொற்கள் கேட்கப்படுவதில்லை. கேட்டால் அந்தப் பக்கம் போலியானது.

கருவி தென்படவே இல்லை என்றால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். மின்னூட்டத்திற்கு மட்டுமே பயன்படும் கம்பிகள் தரவைக் கடத்துவதில்லை. லினக்ஸ் பயனர்கள் யூடெவ் விதிகளை (சாதனத்தை அணுக அனுமதி தரும் அமைப்புகள்) சேர்க்க வேண்டியிருக்கும்.

இணைந்ததும் முகவரிகளின் பட்டியல் வரும். அதன் மேலே பாதை என்றொரு தெரிவு இருக்கும். ஒரே மீட்புச் சொற்களிலிருந்து எந்த வரிசையில் முகவரிகளைத் தருவிப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. லெட்ஜரின் சொந்தச் செயலி ஒரு வரிசையையும், பழைய வாலட்டுகள் வேறொரு வரிசையையும் பின்பற்றுவதால், சில நேரங்களில் உங்கள் பணம் காணாமல் போனதுபோல் தோன்றும். பதற்றப்படாமல் பாதையை மாற்றிப் பாருங்கள். தெரிந்த முகவரி தென்பட்டதும் அதைத் தெரிவுசெய்து, எந்தப் பாதை என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முகவரியை இரு இடங்களிலும் ஒப்பிடுதல்

உலாவி காட்டும் முகவரியை அப்படியே நம்பிப் பணம் வரவழைக்க வேண்டாம். தயாரிப்பாளரின் செயலியில் பெறுதல் பகுதிக்குச் சென்று, முகவரியைக் கருவித் திரையில் வரவழைத்து, மெட்டாமாஸ்க் காட்டுவதோடு முழுமையாக ஒப்பிடுங்கள். எத்தீரியம் முகவரியில் தொடக்கக் குறியீட்டைத் தவிர்த்து 40 எழுத்துகள் இருக்கின்றன. முதல் நான்கையும் கடைசி நான்கையும் மட்டும் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே தொடங்கி முடியும் முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குச் சிறு தொகை ஒன்றை அனுப்பி, உங்கள் வரலாற்றுப் பட்டியலில் இடம்பிடித்துவிடுகிறார்கள். ஆகவே பழைய பரிவர்த்தனையிலிருந்து முகவரியைப் படியெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

முதலில் சிறு தொகை ஒன்றை வரவழைத்து, அதைத் திருப்பி அனுப்பியும் பாருங்கள். டோக்கன்களை (எத்தீரியத்தின் மேல் இயங்கும் பிற நாணயங்கள்) மட்டும் கணக்கில் வைத்திருந்தால் நகர்த்த முடியாது. வலைப்பின்னல் கட்டணத்திற்கு எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈத்தரும் சிறிது அதே கணக்கில் இருக்க வேண்டும்.

கையொப்பமிடும்போது

எளிய பணப் பரிமாற்றத்தில் கருவித் திரை பெறுபவரின் முகவரி, தொகை, கட்டணம் ஆகியவற்றைக் காட்டும். படித்துவிட்டு அழுத்தினால் முடிந்தது. சிக்கல் ஸ்மார்ட் கான்ட்ராக்டுகளில்தான் (வலைப்பின்னலில் தானாக இயங்கும் நிரல்கள்) தொடங்குகிறது.

பரிமாற்றத் தளம் ஒன்றில் டோக்கனை மாற்ற விரும்பினால், உங்கள் டோக்கனை எடுத்துக்கொள்ள அந்தத் தளத்தின் கான்ட்ராக்டுக்கு முதலில் அனுமதி தர வேண்டும். பல தளங்கள் வரம்பற்ற அனுமதியைக் கேட்கின்றன. இது தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம். மெட்டாமாஸ்க்கின் அனுமதிச் சாளரத்தில் வரம்பைத் திருத்தி, அன்றைய தேவைக்கு மட்டும் எண்ணை எழுதுங்கள். இன்னொரு வகையான கோரிக்கை இதைவிடப் பசப்பானது: பரிவர்த்தனை அன்று, வெறும் செய்திக்குக் கையொப்பம் என்று தோன்றும், கட்டணமும் இருக்காது. கட்டணம் இல்லாததால் தீங்கும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பெர்மிட் என்ற வகைக் கையொப்பம் அதே டோக்கன் அனுமதியைத்தான் வழங்குகிறது. கையில் கிடைத்தவர் அதைத் தாமே வலைப்பின்னலில் சமர்ப்பித்துக் கணக்கைக் காலிசெய்ய முடியும். கருவித் திரையில் அனுமதி பெறுபவரின் முகவரியும் தொகையும் தென்பட்டால் நிறுத்திப் படியுங்கள்.

கருவியால் உள்ளடக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாதபோது ஹாஷ் எனப்படும் எழுத்துக் கோவையை மட்டும் காட்டி ஒப்புதல் கேட்கும். இதைக் குருட்டுக் கையொப்பம் என்பார்கள். லெட்ஜரின் எத்தீரியம் செயலியில் இதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. அதை அணைத்தே வைத்திருந்து, தவிர்க்க முடியாத நேரத்தில் மட்டும் இயக்கி, வேலை முடிந்ததும் மீண்டும் அணைப்பது என் பரிந்துரை. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தர் திருடப்பட்டது. கையொப்பமிட்டவர்களிடம் ஹார்டுவேர் வாலட்டுகள் இருந்தன; அவர்களது சாவிகள் திருடப்படவில்லை. அவர்கள் பயன்படுத்திய சேஃப் வாலட்டின் இணைய இடைமுகம் மாற்றப்பட்டிருந்ததால், திரையில் வழக்கமான பரிமாற்றம் ஒன்று தெரிந்தது, கருவிக்குப் போனதோ வேறொன்று. 2023 டிசம்பர் 14 அன்று நடந்த இன்னொரு தாக்குதலில், தங்களை வாலட்டோடு இணைக்கப் பல தளங்கள் பயன்படுத்திய லெட்ஜரின் நிரல் தொகுப்பிலேயே தீநிரல் புகுத்தப்பட்டது. நம்பகமான தளத்தின் சரியான முகவரியைத் தட்டிச் சென்றவர்களுக்கும் போலிக் கோரிக்கை வந்தது. தளம் நல்லது என்பதால் கோரிக்கையும் நல்லது என்று கொள்ள முடியாது.

இதனால் கணக்குகளைப் பிரித்துக்கொள்வது மிகவும் பயனுள்ளது. சேமிப்புக்கான கணக்கு கருவியில் இருக்கட்டும். அதை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள். புதிய தளங்களைப் பரிசோதிக்க, இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையோடு வேறொரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மெட்டாமாஸ்க்கில் இருப்பதால், கையொப்பமிடும் முன் எந்தக் கணக்கில் நிற்கிறோம் என்று பார்ப்பது அவசியம். கணக்குகளுக்குத் தெளிவான பெயர் சூட்டுவது உதவும். ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளை, அவற்றைப் பட்டியலிடும் இணையச் சேவைகளின் மூலம் அவ்வப்போது ரத்துசெய்யுங்கள். ரத்துசெய்வதும் ஒரு பரிவர்த்தனையே, கட்டணம் உண்டு. மெட்டாமாஸ்க்கில் தளத்தின் இணைப்பைத் துண்டிப்பது அனுமதியை ரத்துசெய்யாது. இவ்விரண்டையும் பலர் ஒன்றென்று கருதுகிறார்கள்.

கருவியோ கணினியோ தொலைந்தால்

கருவி தொலைந்தால் புதிய கருவியில் சொற்களை உள்ளிடுங்கள். பொதுத் தரத்தைப் பின்பற்றும் சொற்கள் என்றால் வேறு நிறுவனத்தின் கருவியும் ஏற்கும். சொற்களை யாரேனும் பார்த்துவிட்டார்கள் என்று ஐயம் எழுந்தால் பின் எண்ணை மாற்றுவதால் பயனில்லை. புதிய சொற்களை உருவாக்கி உடனே பணத்தை மாற்ற வேண்டும். சொற்களோடு கூடுதலாகக் கடவுத்தொடர் (பாஸ்ஃப்ரேஸ்) ஒன்றை வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் தவறான தொடரை உள்ளிட்டால் பிழைச் செய்தி வராது, வெற்றான வேறொரு வாலட் திறக்கும். மறந்துவிட்டால் எந்த நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. பழக்கம் ஏற்படும் வரை அதைத் தவிர்ப்பது நல்லது.

கணினியை மாற்றும்போது இழப்பு எதுவும் இல்லை. மெட்டாமாஸ்க்கை அதன் சொற்களால் மீட்டாலும் கருவியின் கணக்குகள் தாமாக வருவதில்லை. கருவியை மறுபடி இணைத்து, முன்பு குறித்துவைத்த பாதையைத் தெரிவுசெய்ய வேண்டும். பட்டியலில் சில டோக்கன்கள் தென்படாவிட்டால் அவற்றின் கான்ட்ராக்ட் முகவரியைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.